புருவத்துக்கு மேல் ஒரு மச்சம்

வாசகர் கேள்வி – பதில்

(இந்த இதழில் பதில் சொல்பவர் முப்பத்தைந்து வருடம் கூத்தில் துரியோதனன், துச்சாதனன், கீசகன் வேஷம் கட்டியவர். இப்போது சேலத்தில் குகை என்கிற பகுதியில் ஒப்பனை வேலை பார்க்கிறார்.)

ஐயா, மகள் வீட்டுக்கு டோக்கியோ போனபோது கபுகி நாடகம் பார்த்ததாகச் சொன்னீர்கள். அங்கே வில்லன் வேஷத்துக்கென்றே தனி நடிகர்கள் உண்டாமே? – வாசகர், ஓமலூர்

உண்டு தம்பி. அந்தக் காலத்தில் அதுவே ஒரு தொழில். கபுகியை 1603 வாக்கில் கியோட்டோவில் தொடங்கி வைத்தவர் ஒகுனி என்கிற பெண். 1629-ல் பெண்கள் மேடையேறக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. பிறகு எல்லா வேஷமும் ஆண்களுக்குத்தான், நம் கூத்து மாதிரியே. நாயகன் வேஷக்காரர், பெண் வேஷக்காரர், எதிரி வேஷக்காரர் என்று ஆட்களும் பிரிந்தார்கள். எதிரி வேஷத்துக்குப் பெயர் கதகியாகு.

அதற்குள்ளும் வகைகள் இருக்கின்றன. அரசவையில் இருந்துகொண்டே நாட்டைக் கவிழ்க்கப் பார்க்கும் பிரபு ஒரு வகை. எஜமானன் சொன்னால் அடிக்கப் பாயும் செம்முக அடியாள் ஒரு வகை. எல்லாரையும்விடப் பெரியவன் ஜிட்சுஆகு. இவன் கத்த மாட்டான், கண்ணை உருட்ட மாட்டான். உட்கார்ந்த இடத்தில் இருந்தே ஒரு குடும்பத்தை அழித்துவிடுவான்.

வருடா வருடம் நடிகர்களை எடைபோட்டுப் புத்தகம் அச்சிட்டு விற்றிருக்கிறார்கள். அதில் வில்லன்களுக்குத் தனி வரிசை, தனி மதிப்பீடு. நாயகனோடு ஒப்பிட்டுக் குறைப்பது கிடையாது, வில்லனை வில்லனோடுதான் ஒப்பிட வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி இது. நம் ஊர்ப் பக்கம் விடிய விடியத் தொண்டை கிழியப் பாடிய துரியோதனனை விட்டுவிட்டு அர்ச்சுனனுக்கு மாலை போட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்த வரிசையில் பெரிய பெயர் ஐந்தாம் மாட்சுமோட்டோ கோஷிரோ. 1764-ல் பிறந்து 1838-ல் இறந்தவர். சின்னக் கண், நீண்ட மூக்கு. ‘மூக்கு உயர்ந்த கோஷிரோ’ என்றே ஊர் கூப்பிட்டது. நிக்கி தான்ஜோ என்கிற சூழ்ச்சிக்கார வேஷத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவருக்குப் புருவத்துக்கு மேல் ஒரு மச்சம் இருந்தது. இன்றைக்கும் அந்த வேஷம் போடுகிற நடிகர், தன் முகத்தில் அதே இடத்தில் மையால் ஒரு மச்சம் வைத்துக்கொண்டுதான் மேடைக்கு வருகிறார். ஆள் போய் இருநூறு வருடம் ஆகப்போகிறது. வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய குருதட்சிணை என்ன இருக்கிறது?

கபுகி வில்லன் முகத்தில் நீலக் கோடு போடுகிறார்களே, ஏன்? – கல்லூரி மாணவி, ஏற்காடு

வெள்ளைப் பூச்சின் மேல் கோடு இழுக்கும் அந்த ஒப்பனைக்குக் குமதோரி என்று பெயர். சிவப்புக் கோடு என்றால் வீரம், நியாயமான கோபம். நீலம் என்றால் வஞ்சகம். பழுப்பு என்றால் பேய், பூதம். கோட்டை நினைத்தபடி இழுக்க முடியாது. முகத்துச் சதை எப்படி ஓடுகிறதோ அதன் மேலேயே போய், விரலால் ஒரு பக்கம் கரைத்துவிட வேண்டும். நடிகர் தானே கண்ணாடி முன் உட்கார்ந்து போட்டுக்கொள்கிறார். ஆட்டம் முடிந்த பிறகு சில பேர் ஒரு துணியை முகத்தில் அழுத்தி எடுப்பார்கள். முகம் அப்படியே துணியில் பதிந்துவிடும்.

எங்கள் செட்டில் இது அப்படியே தலைகீழ் அம்மா. துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்கு நீலம். முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, செந்தூரம் சேர்த்து, கன்னத்தில் தேய்க்கும்போதே எனக்கு மூச்சு மாறிவிடும். எந்த நிறமாக இருந்தால் என்ன, அது முகத்தில் ஏறியதும் ஆள் மாற வேண்டும். அங்கேயும் அப்படித்தான் மாறுகிறார்கள், பார்த்தேன்.

பத்து வருடமாக நாடகத்தில் இருக்கிறேன். ஐந்து நிமிடம் வந்து செத்துப்போகும் திருடன் வேஷம்தான் தருகிறார்கள். விட்டுவிடலாமா? – வாசகர், ஆத்தூர்

விடாதே தம்பி. நகமுரா நகாசோ கதையைக் கேள்.

1736-ல் பிறந்தவர். பெரிய நடிகர் குடும்பத்து வாரிசு இல்லை, அடிமட்டத்தில் இருந்து ஏறி வந்தவர். 1766-ல் அவருக்குச் ‘சுஷிங்குரா’ நாடகத்தில் சடாகுரோ என்கிற வழிப்பறிக்காரன் வேஷம் வந்தது. ஐந்தாம் அங்கத்தில் வந்து, ஒரு கிழவனைக் கொன்று, பணப்பையை எடுத்து, அந்த இடத்திலேயே செத்துவிடுவான். அந்த அங்கம் சாப்பாட்டு நேரம். ஜனங்கள் கட்டிவந்த சோற்றைப் பிரித்துவைத்துக்கொண்டு குனிந்திருப்பார்கள். அதுவரை அந்த வேஷம் பஞ்சு வைத்துத் தைத்த தடித்த அங்கி போட்ட மலைக்கொள்ளைக்காரன், அவ்வளவுதான்.

என்ன செய்வதென்று தெரியாமல் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு நடந்தாராம். மழை பிடித்துக்கொள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒதுங்கினாராம். அங்கே நொடித்துப்போன ஒரு வீரன் கறுப்பு உடையில் சொட்டச் சொட்ட நனைந்து வந்து, கிழிந்த குடையை மடக்கி, சட்டைக் கையைப் பிழிந்தானாம். இப்படித்தான் கதை சொல்கிறார்கள்.

மேடையில் நகாசோ வந்தார். உடம்பெல்லாம் வெள்ளைப் பூச்சு, கறுப்புக் கிமோனோ, தலையில் இருந்து தண்ணீர் வழிகிறது. கையைப் பிழிகிறார், தண்ணீர் கொட்டுகிறது. பையைத் தடவி எண்ணிவிட்டு ‘ஐம்பது ரியோ’ என்கிறார், ரியோ என்றால் அந்தக் காலத்துத் தங்கக் காசு. இன்றைக்கு ஆடுவதில் சடாகுரோவுக்கு வசனமே அந்த ஒன்றுதான். காட்டுப்பன்றி என்று நினைத்து யாரோ சுட்ட குண்டு அவன் மேல் படுகிறது. வாயில் இருந்து ரத்தம் வழிந்து வெள்ளைத் தொடையில் சொட்டுகிறது. கறுப்பு, வெள்ளை, சிவப்பு, இந்த மூன்றே நிறம்.

சபை சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்ததாம். தோற்றுவிட்டோம் என்று நினைத்து ஊரைவிட்டே போகக் கிளம்பினாராம் நகாசோ. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றதால் வந்த அமைதி அது. அதற்குப் பிறகு சடாகுரோவை வேறு மாதிரி ஆட யாரும் நினைக்கவில்லை. பெரிய நடிகர்களே கேட்டு வாங்கும் வேஷம் ஆகிவிட்டது.

உன் திருடன் எங்கிருந்து வருகிறான், மழையிலா வெயிலிலா, கடைசியாக எப்போது சாப்பிட்டான்? முதலில் அதை யோசி. அப்புறம் எனக்கு எழுது.

வில்லன் அழகாக இருக்கலாமா? – வாசகி, அம்மாப்பேட்டை

இருக்கலாம், இருந்தால்தான் பயம் அதிகம். கபுகியில் அதற்கும் இரோஆகு என்று ஒரு வகை உண்டு. 1825-ல் மேடையேறிய ‘யோட்சுயா’ பேய்க்கதையில் இயேமோன் என்று ஒருவன், பார்க்க ராஜா மாதிரி, மனைவியைச் சீரழித்துச் சாகவிடுகிறவன். நமக்குத் தூரமில்லை. நம்ம ஏற்காடு ரோட்டு மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் எடுத்த ‘மந்திரி குமாரி’யில் எஸ்.ஏ. நடராஜன் மலை உச்சிக்கு மனைவியைப் பாடிக்கொண்டே கூட்டிப்போகிறாரே, அதே இனம்தான்.

கெட்டவன் வேஷம் கட்டினால் பாவம் சேரும் என்று என் மாமியார் சொல்கிறார். வேஷம் கட்டி வண்டியில் ஊர்வலம் போகும் ஆடி வண்டி வேடிக்கையில் என் மகன் இரணியனாக நிற்க ஆசைப்படுகிறான். – வாசகி, குகை

நிற்கட்டும் அம்மா, நானே வந்து பூசிவிடுகிறேன். துகில் உரிகிற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, ‘தாயே பொறுத்துக்கோ’ என்று சொல்லிவிட்டுத்தான் சேலையில் கை வைப்பேன். எனக்கு ஒரு குறையும் வரவில்லை. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். பையனுக்கு ஒன்று சொல்ல வேண்டும், வண்டியில் நிற்கும்போது கத்தியை ஆட்டிக்கொண்டே இருக்கக் கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். டோக்கியோவில் கபுகிசா அரங்கில், நாலாவது மாடியில் ஒரு அங்கத்துக்கு மட்டும் டிக்கெட் வாங்கி நிக்கி தான்ஜோவைப் பார்த்தேன். சதிகாரர்கள் கையெழுத்துப் போட்ட சுருளை எலி உருவில் திருடிக்கொண்டு ஓடுகிறான். காவலாளி எலியை மிதித்து, நெற்றியில் அடிக்கிறான். எலி நழுவிவிடுகிறது. சபைக்கு நடுவே நீளும் நடைமேடையில் ஒரு பொறிக்கதவு திறந்து, புகைக்குள்ளிருந்து ஆள் எழும்புகிறான். எலி நிறத்தில் உடுப்பு, வாயில் சுருள், நெற்றியில் காயம், அந்த மச்சம். ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் திரை மூடிவிட்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில், தரையில் கால் படாத மாதிரி நடந்தான். அத்தனை பேரில் ஒருவரும் இருமவில்லை. நடைமேடையின் கடைசிப் பகுதி எங்கள் மாடிக்குக் கீழே போய்விடுவதால் அவன் மறைந்துவிட்டான். நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தேன். ‘அப்பா, விழுந்திருவீங்க’ என்று மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.