வால்யூம் பட்டனுக்கும் நாமே நிரல் எழுதிய காலம்

கையடக்க லினக்ஸ் கேம் கருவிகளில் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைப் போர்ட் செய்வது (ஒரு கருவிக்கு எழுதியதை வேறொன்றில் ஓடும்படி மாற்றுவது) பற்றிப் போன இதழில் ஒரு சின்ன பதில் எழுதியிருந்தேன். அதைத் தொட்டே இவ்வளவு கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த முறை முழுக்க அதுதான். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச் என்ற கையடக்கக் கேம் கருவி வாங்கியிருக்கிறேன். உள்ளே ஓடுவது லினக்ஸ்தான் என்கிறார்கள். அப்படியென்றால் என் லேப்டாப்பில் இருக்கும் கேமைக் காப்பி செய்து போட்டால் ஓடாதா? ஓடாது என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது? (கல்லூரி மாணவர், ஈரோடு)

ஓடாது. உங்கள் லேப்டாப்பில் இருப்பது எக்ஸ்86 சிப். கருவியில் இருப்பது ஆல்வின்னர் எச்700, அதாவது நான்கு கோர்டெக்ஸ் ஏ53 ஆர்ம் கோர்கள். ஒன்றுக்குக் கட்டிய நிரல் மற்றதுக்குப் புரியாது. சோர்ஸை, அதாவது எழுதிய மூல நிரலை எடுத்து ஆர்முக்காக மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், அந்தச் சிப்புக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். எல்லோரும் பயப்படுவது இந்த வேலைக்குத்தான், ஆனால் இருப்பதிலேயே சுலபமானது இதுதான். திரை, ஒலி, பட்டன்களைக் கவனித்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பான எஸ்டிஎல் நூலகத்தை நம்பி எழுதிய சின்ன கேம் என்றால் பெரும்பாலும் அதிகம் படுத்தாமல் கம்பைல் ஆகிவிடும். தலைவலி அதற்கு அப்புறம்.

கேமை எழுதியவர் ஒரு கணினியை மனதில் வைத்து எழுதியிருப்பார். அதில் மவுஸ் இருக்கும், கீபோர்டு இருக்கும், பெரிய திரை இருக்கும், படம் வரைய முழு ஓபன்ஜிஎல் இருக்கும். உங்கள் கையில் இருப்பதோ 640x480 திரை, 1 ஜிபி ரேம், சில பட்டன்கள். அவர் எங்கெல்லாம் தன் கணினியை நம்பினாரோ, அந்த இடங்களைத் தேடிப் பிடிப்பதில்தான் நேரம் போகும்.

முதலில் சோர்ஸ் முழுக்க 800, 600, 1024, 768 ஆகிய எண்களை கிரெப் (கோப்புகளுக்குள் தேடும் கட்டளை) போட்டுத் தேடுங்கள். திரை அளவை ஒரே இடத்தில் வைக்காமல் பத்து கோப்புகளில் தூவி வைத்திருக்கும் கேமாக இருந்தால், வேறு கேம் பாருங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். அடுத்தது கிராஃபிக்ஸ். இந்த வகைச் சிப்புகள் பேசுவது ஓபன்ஜிஎல்லின் சுருக்கப் பதிப்பான ஓபன்ஜிஎல் இஎஸ். பழைய ஓபன்ஜிஎல் அழைப்புகளை அதற்கு மாற்றித் தர ஜிஎல்4இஎஸ் என்றொரு நூலகம் உண்டு. கீபோர்டுடன் 2010இல் வெளிவந்த பண்டோரா என்ற கையடக்கக் கணினிக்காக வளர்ந்தது அது. பண்டோராவை இன்று தேடினாலும் கிடைப்பது கஷ்டம், அந்த நூலகம் மட்டும் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது.

பட்டன்களுக்கு, இந்தக் கருவிகளுக்குப் போர்ட் செய்த கேம்களைத் தொகுத்துத் தரும் போர்ட்மாஸ்டர் திட்டத்தோடு வரும் ஜிபிடூகீபி என்ற சின்ன நிரல் இருக்கிறது. நீங்கள் பட்டனை அழுத்தினால் கேமிடம் அது 'கீபோர்டில் எண்டர் அடித்தார்' என்று சொல்லும். ஆரம்பத்தில் கேம் ஓடுகிறதா என்று பார்க்க அது போதும். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். சோர்ஸிலேயே கேம்பேட் ஆதரவை எழுதி, கேமை எழுதியவர்களின் மூலத் திட்டத்துக்கே அனுப்பிவிடுங்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டால் அடுத்த பதிப்பில் உங்களுக்கு அந்த வேலை இல்லை.

இன்னொன்று. மெமரி கார்டு பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட்டாக இருக்கும். அதில் சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் பெயர்) நிற்காது. நூலகக் கோப்புகளில் பாதி சிம்லிங்க்தான், ஆகவே அசல் கோப்பையே கேம் கேட்கிற பெயரில் வையுங்கள். 'நூலகம் எங்கே?' என்று கேம் முழிப்பதற்குப் பல நேரம் காரணம் இவ்வளவுதான்.

தொடங்க, ஏற்கெனவே பலர் போர்ட் செய்த ஒன்றை எடுத்துச் சோர்ஸிலிருந்து நீங்களே செய்து பாருங்கள். டூம் என்ற பழைய சுடும் கேமின் சோர்ஸிலிருந்து வந்த சாக்லேட் டூம் நல்லது. மாட்டிக்கொண்டால் விடை எங்கேயாவது கிடைக்கும்.

கேள்வி: கம்பைல் ஆகிவிட்டது. ஓட்டினால் 'ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை' என்று நின்றுவிடுகிறது. அப்படி எதையும் நான் பயன்படுத்தவே இல்லையே? (திருச்சி)

ஜிலிப்சி என்பது பெரும்பாலான லினக்ஸ் நிரல்கள் சாய்ந்திருக்கும் அடிப்படை நூலகம். நீங்கள் பயன்படுத்தவில்லை, உங்கள் டிஸ்ட்ரோ (கணினியில் போட்டிருக்கும் லினக்ஸ் தொகுப்பு) பயன்படுத்துகிறது. பழைய ஜிலிப்சியோடு கட்டிய நிரல் புதியதில் ஓடும், புதியதோடு கட்டியது பழையதில் ஓடாது. 2021இல் வந்த 2.34இல், ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும் த்ரெட் நூலகத்தை முதன்மை நூலகத்துக்குள் சேர்த்தார்கள். நிரலைத் தொடக்கிவைக்கும் பகுதிக்கும் அப்போது புதுப் பதிப்பு எண் விழுந்தது. அதனால் வெறும் 'வணக்கம்' அச்சிடும் நிரலில்கூட அந்த எண் வந்து ஒட்டிக்கொள்ளும். டெபியன் 11 என்ற பழைய லினக்ஸ் தொகுப்பின் கண்டெய்னர் (உங்கள் கணினிக்குள்ளேயே தனியாக ஓடும் சூழல்) ஒன்றை எடுத்து அதற்குள் கம்பைல் செய்யுங்கள். அதில் இருப்பது 2.31. உங்கள் கணினியின் ஜிலிப்சி கோப்பையே கார்டில் போட்டால் என்ன என்று தோன்றும். வேண்டாம். அதுவும் நிரலை நினைவகத்தில் ஏற்றும் லோடரும் ஜோடி, ஒன்றை மட்டும் மாற்றினால் எதுவுமே ஓடாமல் போகும்.

கேள்வி: ஸ்டீம் டெக் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? (சென்னை)

ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கணினியில் லேப்டாப் போலவே எக்ஸ்86 வகை ஏஎம்டி சிப், ஆர்ச் லினக்ஸ் வழி வந்த சிஸ்டம். உங்கள் லேப்டாப் கேம் பெரும்பாலும் அப்படியே ஓடிவிடும். எனக்கு அதில் செய்ய வேலையே இல்லையே!

கேள்வி: பழைய ஜிபி2எக்ஸ் ஒன்றை இன்னும் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதில் அப்படி என்ன விசேஷம்? (மதுரை)

கேட்டுவிட்டீர்கள், இனி நிறுத்த மாட்டேன். தென் கொரியாவின் கேம்பார்க் ஹோல்டிங்ஸ் 2005இல் கொண்டுவந்த கருவி அது. 200 மெகாஹெர்ட்ஸில் இரண்டு ஆர்ம் கோர்கள், 64 எம்பி ரேம், 320x240 திரை, கடையில் வாங்கும் இரண்டு ஏஏ பேட்டரி. சாதாரண பேட்டரி போட்டால் சீக்கிரம் உயிரை விட்டுவிடும், ரீசார்ஜ் ஆகிற நல்ல பேட்டரிதான் தாங்கும்.

அதில் எதுவும் சும்மா கிடைக்காது. வால்யூம் பட்டனை அழுத்தினால் சத்தம் கூடாது. அது கேமுக்கு வந்து சேரும் இன்னொரு பட்டன், அவ்வளவுதான். ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் மிக்சரை ஏற்றி இறக்கும் நிரலை நாமே எழுத வேண்டும். ஜாய்ஸ்டிக் இருக்கிறதே என்று எஸ்டிஎல்லிடம் அச்சு எண்களை (எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தது என்று) கேட்டால் கிடைக்காது, எட்டுத் திசையும் எட்டுத் தனித்தனி பட்டன்கள். கேமை மூடினால் மெனு தானாக வராது. வெளியேறுமுன் மெனு நிரலை நம் கேமே கூப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். மறந்தால் கறுப்புத் திரைதான்.

தசம எண் கணக்குக்குத் தனி வன்பொருளும் அதில் கிடையாது. பழைய டூல்செயினில் (கம்பைல் செய்யும் கருவித் தொகுப்பில்) கட்டினால் ஒவ்வொரு தசமக் கணக்குக்கும் நிரல் சிஸ்டத்தின் மையமான கெர்னலிடம் போய் நின்று, அது போட்டுத் தரும் விடையை வாங்கி வர வேண்டியிருக்கும். டூம் எழுதப்பட்ட 1993இல் பலருடைய கணினியிலும் அந்த வன்பொருள் இல்லை. அதனால் அது முழு எண்ணையே 16 பிட், 16 பிட்டாகப் பிரித்துத் தசமமாகப் பாவித்தது. ஜிபி2எக்ஸில் டூம் வழுக்கிக்கொண்டு ஓடியதும், தசம எண்ணை நம்பி எழுதிய குவேக் கேம் திணறியதும் அதனால்தான். இப்போது யாராவது என்னிடம் 'கேம் ஸ்லோ' என்றால் சிப்பைக் குறை சொல்வதற்கு முன்னால் சோர்ஸில் என்ன கணக்கு ஓடுகிறது என்றுதான் பார்ப்பேன்.

அந்தக் காலத்துப் போர்ட்களில் பல இன்று சோர்ஸ் இல்லாமல் வெறும் பைனரியாக (கம்பைல் செய்து முடித்த கோப்பாக) கிடக்கின்றன. செய்தவர் பேட்ச்சை, அதாவது சோர்ஸில் செய்த மாற்றங்களை எங்கும் கொடுக்கவில்லை, கருவியோடு அதுவும் போனது. பழைய அட்வெஞ்சர் கேம்களை ஓட்டும் ஸ்கம்விஎம்மில் அப்படி ஆகவில்லை. போர்ட் வேலை மூலத் திட்டத்துக்குள்ளேயே சேர்ந்ததால், ஜிபி2எக்ஸ் செய்த அதே நிறுவனத்தின் அடுத்த கருவிகளான விஸ்ஸுக்கும் கானூவுக்கும் அங்கிருந்தே தாவினார்கள்.

கேள்வி: என் கேமில் தமிழ் மெனு வைத்தேன். லேப்டாப்பில் சரியாக வருகிறது, கருவியில் 'கெ' எழுதினால் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. 'கு' ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஃபாண்ட் கோளாறா? (கோவை)

ஃபாண்ட் மேல் தப்பில்லை. திரையில் எழுத்து வரையும் எஸ்டிஎல் டிடிஎஃப் நூலகம் எழுத்துகளைச் சேர்த்து உருவம் கொடுக்க ஹார்ஃப்பஸ் என்ற இன்னொரு நூலகத்தை நம்பியிருக்கிறது. ஹார்ஃப்பஸ் இல்லாமலும் எஸ்டிஎல் டிடிஎஃப்பைக் கட்டலாம், ஆங்கிலம் ஒழுங்காக வருவதால் கட்டியவருக்கு எந்தக் குறையும் தெரியாது. கருவியில் இருப்பது அப்படிக் கட்டியதாக இருக்கும். ஹார்ஃப்பஸ் சேர்த்து நீங்களே கட்டி, கேம் ஃபோல்டரில் வைத்து, கேமைத் தொடக்கும் ஸ்கிரிப்டில் அந்த இடத்தை முதலில் தேடச் சொல்லுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபாண்டையும் கூடவே வையுங்கள், உரிமம் இடம் தருகிறது. எழுத்தளவை ஆங்கிலத்துக்கு வைத்ததைவிடக் கொஞ்சம் கூட்டுங்கள், இல்லாவிட்டால் 'ணை'யின் சுழிகளை எண்ணப் பூதக்கண்ணாடி வேண்டும்.

கேள்வி: டூமை போர்ட் செய்து மெமரி கார்டில் போட்டு விற்றால் தப்பா? (நாகர்கோவில்)

நிரலை விற்கலாம். டூம் சோர்ஸ் 1997இல் வெளியானது, 1999இல் ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்துக்கு வந்தது. காசு வாங்க அது தடை சொல்லாது. ஆனால் பைனரியைக் கொடுக்கும்போது நீங்கள் மாற்றிய சோர்ஸையும் கொடுத்தாக வேண்டும். தனியாகக் கேட்டால் தருகிறேன் என்று இழுக்காமல் அதே கார்டில் ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுங்கள், பெரிதாக இடம் பிடிக்காது. படங்களும் லெவல்களும் சத்தமும் இருக்கும் டேட்டா கோப்பு வேறு கதை, அது இலவசம் ஆகவில்லை. அதற்குப் பதில், இலவசமாகப் பகிரக்கூடிய ஃப்ரீடூம் கோப்புகளைப் போடுங்கள்.