புராஸ்டேட் அழற்சி: வாசகர் கேள்விகளும் டாக்டர் பதில்களும்

கேள்வி: வயது 34. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. எட்டு மாதமாக விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் வலி. உட்கார்ந்தால் கூடுகிறது. விந்து வெளியேறிய பிறகு எரிச்சலும் உண்டு. ஸ்கேன், யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எல்லாம் நார்மல். புராஸ்டேட் அழற்சி என்று மூன்று கோர்ஸ் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். நிறுத்தியதும் பழைய கதைதான். நான்காவது கோர்ஸ் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. புராஸ்டேட் அழற்சி என்ற ஒரே பெயருக்குள் நான்கு வகை இருக்கின்றன. காய்ச்சலோடு திடீரென்று வரும் கிருமித் தொற்று ஒன்று. விட்டு விட்டுத் திரும்பும் நாள்பட்ட தொற்று இன்னொன்று. கிருமியே இல்லாத நாள்பட்ட இடுப்பு வலி மூன்றாவது. நான்காவது, எந்தத் தொந்தரவும் தராமல் வேறு பரிசோதனையில் தற்செயலாகத் தெரிவது. புராஸ்டேட் அழற்சி என்று சிகிச்சைக்கு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மூன்றாவது வகைதான். உங்கள் கடிதம் சொல்வதும் அதையே. முதல் தடவை நான்கு முதல் ஆறு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை. கல்ச்சரில் எதுவும் வளராதபோது திரும்பத் திரும்பக் கொடுப்பது வீண். மாத்திரை சாப்பிட்டபோது கொஞ்சம் குறைந்ததே என்பீர்கள். இந்த வலி தானாகவே ஏறி இறங்கும்.

இந்த மூன்றாவது வகையில் பல பேருக்கு வலி சுரப்பியிலிருந்து வருவதில்லை. அதைச் சுற்றி இடுப்பின் அடித்தளத்தில் இருக்கும் தசைகள் இறுகிக் கிடக்கும், நரம்புகளும் கூச்சம் கண்டிருக்கும். டாக்டர் ஆசனவாய் வழியாக விரல்விட்டுப் பார்க்கும்போது சுரப்பியை மட்டுமல்லாமல் பக்கத்துத் தசைகளையும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே அழுத்தும்போது உங்களுடைய அதே வலி கிளம்பினால், பாதி பதில் கிடைத்துவிட்டது.

வீட்டில் செய்யவேண்டியது இது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். வயிற்றில் ஒரு கை. மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை மூச்சை இழுங்கள். வயிறு உயரவேண்டும், நெஞ்சு அல்ல. அப்போதே, சிறுநீர் கழிக்கத் தொடங்கும் கணத்தில் கீழே ஒரு தளர்ச்சி வருமே, அதை வரவிடுங்கள், முக்கக்கூடாது. ஆறு எண்ணும்வரை மூச்சை விடுங்கள். காலையும் இரவும் பத்து நிமிஷம். பலர் தப்பு செய்வது இங்கேதான். வீடியோவில் பார்த்துவிட்டு கெகல் பயிற்சி என்று நாளைக்கு நூறு தடவை இறுக்கிப் பிடிக்கிறார்கள். ஏற்கெனவே இறுகிய தசையை இன்னும் இறுக்கினால் வலி கூடத்தான் செய்யும்.

அகலமான டப்பில் இடுப்பு முங்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, தினமும் இரண்டு வேளை 10 முதல் 15 நிமிஷம் உட்காருங்கள். சுமார் 40 டிகிரி, முழங்கையை வைத்தால் சுகமாக இருக்கிற சூடு. குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் இதைத் தவிர்க்கலாம். விதைக்குச் சூடு ஆகாது. நாற்காலியில் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். காபி, மது, காரம் மூன்றையும் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தால் உங்களுக்கு எது ஆகாது என்று தெரியும். எல்லாருக்கும் எல்லாமே ஆகாது என்பதில்லை.

சிறுநீர் முக்கி முக்கிப் போகிறது என்றால், சிறுநீர் வழியைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை 0.4 மி.கி. இரவில் தருவார்கள். எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். விந்து குறையும், சிலருக்கு வரவே வராது. மருந்தை நிறுத்தினால் திரும்பிவிடும். கண்புரை ஆபரேஷன் செய்வதாக இருந்தால் இந்த மாத்திரை பற்றிக் கண் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். முன்னேற்றத்தை அளக்க 43 புள்ளிக் கேள்வித்தாள் ஒன்று உண்டு. ஆறு புள்ளி குறைந்தாலே சிகிச்சை வேலை செய்கிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று மாதமாவது பொறுக்கவேண்டும்.

கேள்வி: வயது 46, மதுரை. இரண்டு வருடத்தில் நான்கு தடவை நீர்க்கடுப்பு. ஒவ்வொரு தடவையும் கல்ச்சரில் ஈ.கோலை என்ற கிருமி. நைட்ரோஃபுரான்டாயின் என்ற ஆன்டிபயாடிக் ஐந்து நாளில் கேட்கிறது, பிறகு திரும்ப வருகிறது. ஏன்?

பதில்: அதே கிருமி திரும்பத் திரும்ப வருகிறதென்றால் புராஸ்டேட்டில் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீர்ப்பையில் நன்றாக வேலை செய்யும்; புராஸ்டேட் திசுவுக்குள் போதுமான அளவு போகாது. அதனால் பையைச் சுத்தம் செய்கிறது, கிடங்கைத் தொடுவதில்லை. சோதனை எளிது: முதலில் நடுச் சிறுநீரைப் பிடிக்கவேண்டும், பிறகு டாக்டர் புராஸ்டேட்டை மசாஜ் செய்வார், உடனே வரும் முதல் 10 மி.லி.யை இன்னொரு பாட்டிலில் பிடிக்கவேண்டும். இரண்டாவதில் கிருமி அதிகம் வளர்ந்தால் இடம் தெரிந்துவிட்டது. நீர்க்கடுப்பு இல்லாத நாளில், ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பு செய்யவேண்டும். சாம்பிளை இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் கொடுங்கள்.

வழக்கமான மருந்து சிப்ரோஃப்ளாக்சசின் 500 மி.கி., இரண்டு வேளை, நான்கு முதல் ஆறு வாரம். ஆனால் நம் ஊர் ஈ.கோலை பெரும்பாலும் இதற்கு மசிவதில்லை. கிருமி எந்த மருந்துக்கு மசியும் என்று காட்டும் சென்சிடிவிட்டி ரிப்போர்ட்டைப் பார்க்காமல் தொடங்கவேண்டாம். பால், தயிர், கால்சியம், இரும்பு மாத்திரை, அசிடிட்டி மருந்து ஆகியவற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சேராது. இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ சாப்பிடுங்கள். குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் தசைநாண் வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைட் மாத்திரை சாப்பிடும் சர்க்கரைக்காரர்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, திருவாரூர் பக்கம் விவசாயி, சர்க்கரை நோய் உண்டு. குளிர்காய்ச்சலும் நீர்க்கடுப்பும் வந்தது. உடம்புச் சூடு என்று இளநீரும் மருந்துக்கடை மாத்திரையும் கொடுத்தோம். மூன்றாம் நாள் சிறுநீர் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் புராஸ்டேட்டில் சீழ் என்று சொல்லி அடிவயிற்றில் துளைபோட்டு டியூப் வைத்தார்கள். வழக்கமான வழியில் ஏன் போடவில்லை?

பதில்: வீங்கிச் சீழ் வைத்த சுரப்பியின் நடுவேதான் சிறுநீர்க்குழாய் போகிறது. அதன் வழியாக டியூபைத் திணித்தால் கிருமி ரத்தத்தில் கலக்கலாம். இதே காரணத்தால்தான் காய்ச்சல் இருக்கும்போது புராஸ்டேட் மசாஜும் கூடாது. இளநீர் கெடுதல் செய்யவில்லை, போன மூன்று நாள்தான் கெடுதல். ஆணுக்கு நீர்க்கடுப்போடு நடுக்கமும் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஒன்று கேட்டுவிடுங்கள்: சீழ் கல்ச்சரில் என்ன வந்தது? வயலில் வேலை செய்யும் சர்க்கரைக்காரர்களுக்கு, குறிப்பாக மழைக்காலத்தில், சேற்றிலும் தண்ணீரிலும் வாழும் பர்க்கோல்டேரியா சூடோமல்லி என்ற கிருமியால் மெலியோய்டோசிஸ் வரும். புராஸ்டேட்டில் சீழ் வைப்பது அதற்குப் பிடித்த வேலை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இது இருக்கிறது. அதுதான் என்றால் ஊசி மருந்து குறைந்தது இரண்டு வாரம், பிறகு மாத்திரை மூன்று மாதமாவது. காய்ச்சல் விட்டதென்று நடுவில் நிறுத்தினால் திரும்பிவரும்.

கேள்வி: என் கணவருக்கு இந்த நோய். எனக்குத் தொற்றுமா? லாட்ஜில் வந்து பார்க்கிற வைத்தியர் ‘இளமையில் விந்தை விரயம் செய்ததால்’ என்று சொல்லி 18,000 ரூபாய்க்கு லேகியம் கொடுத்திருக்கிறார்.

பதில்: கிருமியில்லாத வகை தொற்றாது. கிளமிடியா, கொனோரியா போன்ற பால்வினைத் தொற்று டெஸ்டில் தெரிந்தால் மட்டும் இருவருக்கும் சிகிச்சை வேண்டும். விந்து வெளியேறுவதால் இந்த நோய் வருவதில்லை. வலி தாங்கும் அளவில் இருந்தால் உறவைத் தவிர்க்கவும் வேண்டாம். லேகியம் வலியைக் குறைக்காது. அந்த வசனம் அவருடைய பயத்தைக் கூட்டும், பயம் அந்தத் தசைகளை இன்னும் இறுக்கும். மிச்சப் பணத்தை, இடுப்புத் தசைகளுக்குப் பயிற்சி தரும் பெல்விக் பிசியோதெரபிஸ்டிடம் செலவழிக்கலாம்.

கேள்வி: புராஸ்டேட் தொற்றுக்குச் சிகிச்சை நடக்கும்போதே எடுத்த பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் பற்றிய ரத்தப் பரிசோதனை) 11. புற்றுநோயா?

பதில்: அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. தொற்றே அதை ஏற்றிவிடும். சிகிச்சை முடிந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத் திரும்ப எடுங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள் உறவும் சைக்கிளும் வேண்டாம். அப்போதும் இறங்காவிட்டால் எம்.ஆர்.ஐ. பற்றி யூராலஜிஸ்டிடம் பேசுங்கள்.