வளர்ச்சிக் காரணிகள் புதிய ரத்தக் குழாய்களை எப்படி உருவாக்க வைக்கின்றன?

வளர்ச்சிக் காரணி என்பது ஒரு செல் வெளியிடும் புரதம். பக்கத்துச் செல்லுக்கு ‘பெருகு’, ‘இந்தப் பக்கம் வா’ என்று சொல்லும் தகவல் அது. ரத்தக் குழாய் விஷயத்தில் முக்கியமானது வி.இ.ஜி.எஃப் (VEGF) என்ற காரணி.

இது எதற்கு? குழாயிலிருந்து ஆக்சிஜன் திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தூரம்தான் ஊடுருவும். அதற்கு அப்பால் உள்ள செல் திணறும். சாதாரணமாக, செல்லுக்குள் ஹிஃப் என்ற புரதம் உருவான வேகத்திலேயே சிதைக்கப்படும். சிதைக்க ஆக்சிஜன் வேண்டும். அது குறைந்தால் ஹிஃப் தங்கிவிடும், வி.இ.ஜி.எஃப் தயாரிப்பை முடுக்கிவிடும். (செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2019இல் மருத்துவ நோபல். எவ்வளவு எளிமையான ஏற்பாடு!)

ஊருக்கு வெளியே புது வீடுகள் வந்ததும் ‘தண்ணீர் இல்லை’ என்று மனு போகும், மெயின் குழாயிலிருந்து கிளை இழுப்பார்கள் அல்லவா? வி.இ.ஜி.எஃப்தான் அந்த மனு. அருகிலுள்ள ரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல் ஒன்று, வி.இ.ஜி.எஃப் அதிகமுள்ள திசையில் நீண்டு நகரும். பின்னால் வரும் செல்கள் பெருகிக் குழாயாகும். அப்புறம் பி.டி.ஜி.எஃப் என்ற இன்னொரு காரணி, வெளிச்சுவரைத் தாங்கும் செல்களை வரவழைக்கும்.

‘குழாய் கூடினால் நல்லதுதானே’ என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சர்க்கரை நோயில் விழித்திரையில் முளைக்கும் புதுக் குழாய்கள் கசிந்து பார்வையைக் கெடுப்பதால், வி.இ.ஜி.எஃபைத் தடுக்கும் ஊசியைத்தான் கண்ணில் போடுகிறார்கள்.