வாசகர் கேள்வி–பதில்: கடலடி மேடுபள்ளமும் நீள் அலைக் கணக்கும்

கே: வங்காள விரிகுடா 3000 மீற்றர் ஆழம். அதைக் கடந்து வந்த 2004 சுனாமியை ‘ஆழமற்ற நீர் அலை’ என்று எப்படிச் சொல்லலாம்? (வாசகர், வல்வெட்டித்துறை)

ப: ஆழத்தைத் தனியே பார்க்காமல் அலைநீளத்தோடு சேர்த்துப் பாருங்கள். அலைநீளம் ஆழத்தின் 20 மடங்கைத் தாண்டினால் அது நீள் அலை. 20 நிமிட ஆவர்த்தன காலமுள்ள அலை 3000 மீற்றர் ஆழத்தில் சுமார் 200 கிலோமீற்றர் நீளம் இருக்கும். அதற்கு அந்தக் கடலும் கணுக்கால் தண்ணீர்தான். புவியீர்ப்பு ஆர்முடுகலையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் வரும்: அங்கே மணிக்கு சுமார் 620 கிலோமீற்றர், 10 மீற்றர் ஆழத்தில் 36. ஆழம் மெல்ல மெல்லக் குறைந்தால் உயரம் ஆழ விகிதத்தின் நான்காம் மூலமாகக் கூடும். 3000இலிருந்து 10க்கு வர ஏறத்தாழ 4 மடங்கு. இது கிரீனின் விதி. ஆனால் 6 மீற்றரிலிருந்து 2 மீற்றருக்குச் சட்டென ஏறும் பாரில் (கடலடிப் பாறைமேட்டில்) அந்த விதி பொருந்தாது. அங்கே அலையுயரத்தில் 27 சதவீதம் திரும்பிப் போகும், பாரின் மேல் ஏறும் அலை 1.27 மடங்காகும்.

கே: ஆழமற்ற நீரின் ஓட்டத்தைச் சொல்லும் சென்-வெனான் சமன்பாடுகளுக்கு நானே நிரல் எழுதினேன். அலையே கொடுக்காமல் தண்ணீரை அசையாமல் விட்டு ஓட்டினாலும், பாரின் விளிம்பில் நீரோட்டம் பிறக்கிறது. சமன்பாடு பிழையா? (பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி)

ப: சமன்பாடு சரி. கடலடியைக் கணக்குக்குள் கொண்டுவந்த விதத்தில்தான் பிழை. இந்தச் சோதனையை முதலிலேயே செய்தீர்களே, அதுதான் நல்ல பழக்கம். பலர் இதைத் தாண்டிப்போய், பொய் நீரோட்டத்தைச் சுனாமி என்று படம் போட்டுவிடுகிறார்கள்.

நிரல் கடலைப் பிரிக்கும் கட்டங்களில் இரண்டை மட்டும் எடுத்துக் கையால் போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் ஆழம் 6, வலப்பக்கம் 2, நீர்மட்டம் இரண்டிலும் பூச்சியம். அமுக்க உறுப்பின் வித்தியாசம் 9.81 × (36 − 4) ÷ 2 = 156.96. கடலடிச் சரிவு உறுப்பு இதே அளவில் எதிர்த்திசையில் நின்றால்தான் தண்ணீர் அசையாது. சரிவோடு பெருக்க இரண்டு ஆழங்களின் சராசரியை (4) எடுத்தால் 9.81 × 4 × 4 = 156.96, அச்சொட்டாகச் சரி. இடக்கட்டத்தின் 6ஐ மட்டும் எடுத்தால் 235.44. மிஞ்சுகிற 78.48தான் உங்கள் நீரோட்டம்.

அதைத் திருத்தியும் ஓட்டம் நிற்காவிட்டால், நிரலைத் தளம்பாமல் வைக்கச் சேர்த்த செயற்கைப் பரவலை (பக்கத்துக் கட்டங்களின் வித்தியாசத்தை மெல்லச் சமப்படுத்தும் உறுப்பை) பாருங்கள். அது 6க்கும் 2க்கும் உள்ள வித்தியாசத்தை நீர்மட்ட வித்தியாசம் என்று நினைத்து, ஆழப்பக்கத்திலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் தள்ளும். ஒதூஸும் வேறு நால்வரும் 2004இல் தந்த வழி இதற்கு நல்ல மருந்து: எல்லையில் இரண்டு கடலடிகளில் மேடானதை (−2) இருபக்கத்துக்கும் பொதுவாக வைத்து, நீர்மட்டத்திலிருந்து ஆழத்தைத் திரும்பக் கணியுங்கள். இருபக்கமும் 2 வரும், தள்ளுவதற்கு ஒன்றுமிராது. சரிவு உறுப்பையும் இந்தப் புது ஆழங்களைக் கொண்டே எழுத வேண்டும். அதை மறந்தால் பழைய கோளாறு திரும்பும். எல்லாம் சரியானால், இரட்டைத் துல்லியத்தில் (கணினியின் சுமார் 16 இலக்கக் கணக்கில்) வேகம் 10இன் −12ஆம் அடுக்கு அளவில், அதாவது பூச்சியம் போலவே, கிடக்கும்.

கரையில் இன்னொரு தொல்லை வரும். ஆழம் சில மில்லிமீற்றராகும்போது பாய்வை ஆழத்தால் வகுத்தால் வேகம் வெடித்துப் போகும். 1 சென்ரிமீற்றருக்குக் கீழே வேகத்தைப் பூச்சியமாக்குங்கள். கடலடியின் கரடுமுரடைக் காட்டும் மானிங் உராய்வை (அதன் எண் மணலுக்கு 0.025 அளவில், முருகைக்கல்லுக்கு அதைவிட அதிகம்) அடுத்த நேரப்படியின் வேகத்தைக் கொண்டு கணியுங்கள். பழைய வேகத்தைப் போட்டால் உராய்வே நீரைப் பின்னோக்கித் தள்ளும்.

நேரப்படி பற்றியும் சொல்ல வேண்டும்: ஒரு படியில் அலை ஒரு கட்டத்தைத் தாண்டிப் போகக் கூடாது. 50 மீற்றர் கட்டம், 8 மீற்றர் ஆழம் என்றால் ஒருதிசைக் கணக்கில் 5.6 செக்கன் வரை போகலாம். அதே வலையின் (கட்டங்களின் முழுத் தொகுதியின்) ஒரு மூலையில் 3000 மீற்றர் ஆழம் இருந்தால் முழு வலையும் 0.29 செக்கனுக்கு இறங்கிவிடும். ஆழ்கடலுக்குப் பெரிய கட்டம், கரைக்குச் சிறிய கட்டம் என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குங்கள்.

கே: யாழ் களப்புக்கு ஜெப்கோ (உலகக் கடலடி ஆழ வரைபடம்) தரவு போதுமா? மீனவர்கள் சொல்லும் பாகக் கணக்கைச் சேர்க்கலாமா? (வாசகர், குருநகர்)

ப: களப்புக்குள் போதாது. அதன் கட்டம் சுமார் 460 மீற்றர். 100 மீற்றர் அகலமான வாய்க்கால் அதில் கரைந்துவிடும். களப்பைக் கடக்கும் பண்ணைத் தாம்போதி வீதியும் அப்படித்தான்: வலையில் தெரியாவிட்டால் தண்ணீர் வீதிக்கு மேலால் ஓடும், சுவராகப் போட்டால் பாலத்தின் கண்களும் அடைபடும். வீதியின் உயரத்தைக் கட்டங்களின் எல்லையில் கொடுத்து, கண்களைத் தனியாகத் திறந்துவிடுங்கள்.

பாகக் கணக்கைத் தாராளமாகச் சேருங்கள். ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீற்றர், ஆனால் அது கைவீச்சு அளவு என்பதால் அந்தக் கயிற்றையே மீற்றர் நாடாவால் ஒருமுறை அளந்துவிடுங்கள். இடத்தோடு நேரத்தையும் குறிக்க வேண்டும், வற்றுப்பெருக்கைக் கழிக்க அது தேவை. கடல் வரைபடங்கள் தாழ்ந்த வற்றிலிருந்து ஆழம் சொல்கின்றன, உங்கள் நிரல் சராசரி மட்டத்திலிருந்து தொடங்குகிறது. ஆழ்கடலில் அரை மீற்றர் பொருட்டல்ல. 1.5 மீற்றர் ஆழமுள்ள களப்பில் அதே அரை மீற்றர் குறைந்தால் அலைவேகம் 18 சதவீதம் விழும்.

கே: கரைக்கு வெளியே வரிசையாகக் கிடக்கும் மணல் திட்டுகள் அலையைத் தடுக்குமா? (வாசகர், மணற்காடு)

ப: இடைவெளி பொருந்தினால் சிறிய திட்டுகளும் தடுக்கும். அலைநீளம் திட்டுகளின் இடைவெளியைப் போல இரண்டு மடங்கானால், ஒவ்வொன்றிலும் திரும்பும் சிறு அலைகள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகும். பிராக் தெறிப்பு என்பது இதுவே. 3 மீற்றர் ஆழத்தில் 40 மீற்றர் இடைவெளியுள்ள திட்டுகள், 15 செக்கன் அளவில் வரும் தொலைகடல் அலையைத்தான் அதிகம் திருப்பும். சுனாமிக்கு அவை இருப்பதே தெரியாது. 50 மீற்றர் வலைக்கும் தெரியாது. 5 மீற்றர் கட்டமாவது வேண்டும்.