கேழ்வரகு மால்ட் இனிக்கவில்லை என்றவருக்கு

முளைகட்டிய கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சினால் இனிப்பே இல்லை, களி மாதிரி கெட்டியாகிறது, மாவிலும் புளித்த வாடை என்று காட்பாடியிலிருந்து கேட்டிருந்தீர்கள். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டுவதுதான் தப்பு. முளைவிடும்போது பெருகும் அமிலேஸ் என்ற நொதிதான் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது, கொதி பட்டால் அது செத்துவிடும். பீர் காய்ச்சுகிறவர்கள் பார்லி மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, 65 டிகிரி பக்கத்தில் ஒரு மணி நேரம் வைத்திருப்பதும் இதற்காகத்தான். நீங்களும் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே 65–70 டிகிரிக்குக் கொண்டுவந்து, மூடி, துணி சுற்றி அரை மணி நேரம் விடுங்கள், கஞ்சி இளகி நாக்கில் இனிப்பு தெரியும், அப்புறம் கொதிக்க வையுங்கள். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள்.

வாடைக்குக் காரணம் நம்ம வேலூர் வெயில். சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் முளைவிட ஊறிய கேழ்வரகை மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டால் நடுவில் சூடேறிப் புளிக்கத்தான் செய்யும். ஈரத்துணியில் மெல்லிசாகப் பரப்பி, காலையும் மாலையும் அலசுங்கள். காய்ந்தபின் சிவக்க வறுக்காதீர்கள், வறுத்தால் நொதி போய்விடும். வேரைக் கசக்கிப் புடைத்துவிட்டு அரைத்தால் கசப்பும் குறையும்.