ஓட்டப் பாதையை வாட்சில் ஏற்ற 800 ரூபாயா?

கேள்வி: ஒத்தக்கடையில் வசிக்கிறேன். பள்ளி ஆசிரியை. ஒரு வருடமாகக் காலையில் ஓடுகிறேன். என் தோழி அழகர்கோவில் பக்கம் கண்மாய்க்கரை வழியாக 14 கிலோமீட்டர் ஓடிய பாதையைத் தன் கார்மின் வாட்சிலிருந்து எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். என்னிடம் இருப்பது அமேஸ்ஃபிட். அதில் ஏற்ற முடியவில்லை. போனில் கூகுள் மேப்ஸிலும் திறக்கவில்லை. மொபைல் கடையில் கேட்டால், "கன்வெர்ட் பண்ணணும், 800 ரூபாய் ஆகும்" என்று சொல்லி ஜிமெயில் பாஸ்வேர்டையும் எழுதித் தரச் சொன்னார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 800 ரூபாய் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். ஜிமெயில் பாஸ்வேர்டைக் கொடுத்தால் உங்கள் போட்டோக்கள், காண்டாக்ட், பேங்க்கில் இருந்து வரும் மெயில் எல்லாமே அடுத்தவர் கைக்குப் போய்விடும். ஒரு பாதையை வாட்சில் ஏற்ற இவற்றில் எதுவுமே தேவை இல்லை. ஓ.டி.பி. கேட்டாலும் இதே பதில்தான். போன் உங்கள் கையில் இருக்கும்போதே, வீட்டில் உட்கார்ந்து நீங்களே முடித்துவிடலாம்.

முதலில், தோழி அனுப்பியது என்ன என்று பாருங்கள். பாதிப் பேருக்குச் சிக்கல் இங்கேதான். ஆப்பில் 'ஷேர்' என்று தட்டினால் பெரும்பாலும் போவது ஒரு படம், இல்லையென்றால் ஒரு லிங்க். படத்தில் கோடு தெரியும், ஆனால் வாட்சுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. லிங்க்கும் பார்ப்பதற்கு மட்டும்தான். உங்களுக்கு வேண்டியது பெயரின் கடைசியில் ஜி.பி.எக்ஸ். (.gpx) என்று முடியும் ஃபைல். தோழி கார்மின் கனெக்ட் வெப்சைட்டுக்குப் போய், அன்றைய ஓட்டத்தைத் திறந்து, பல்சக்கரப் படத்தைத் தட்டி, ஜி.பி.எக்ஸ். ஆக எக்ஸ்போர்ட் செய்யும் வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போன் ஆப்பில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வெப்சைட்டில் எடுப்பதுதான் நிச்சயமான வழி. நம் காலால் ஓடிய பாதையை நாமே எடுப்பதற்கு இத்தனை சுற்று எதற்கு என்று எனக்கும் எரிச்சல் வருகிறது. தகவலை உள்ளே வாங்க எல்லாக் கம்பெனியும் கதவைத் திறந்து வைக்கிறது, வெளியே எடுக்கும் கதவை மட்டும் பின்கட்டில் வைக்கிறது.

அந்த ஃபைலுக்குள் ரகசியம் எதுவும் இல்லை. ஜி.பி.எக்ஸ். என்பது 2002-ல் வெளிவந்த திறந்த வடிவம். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. போனிலோ கம்ப்யூட்டரிலோ சாதாரண எழுத்து ஃபைலாகத் திறந்து பாருங்கள். வரிக்கு வரி ஒரு புள்ளி இருக்கும். அட்சரேகை 9-இலோ 10-இலோ தொடங்கும், தீர்க்கரேகை 78-இல் தொடங்கும், அதன் கீழே உயரம், அதன் கீழே நேரம். புள்ளிக் கோலம் மாதிரி இந்தப் புள்ளிகளை வரிசையாகச் சேர்த்தால் பாதை வந்துவிடும். நேரத்தைப் பார்த்து மட்டும் திகைக்காதீர்கள். தோழி காலை 5.30-க்குக் கிளம்பியிருந்தால் ஃபைலில் 00:00 என்று இருக்கும். அது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. இதைக் காட்டி "ஃபைல் கெட்டுப்போச்சு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பாதை ஏற்றும் வசதி உள்ள அமேஸ்ஃபிட் வாட்சுகளுக்கான செப் ஆப், ஜி.பி.எக்ஸ். ஃபைலை அப்படியே வாங்கிக்கொள்ளும். அதாவது, கடைக்காரர் சொன்ன அந்த 'கன்வெர்ட்' வேலையே உங்களுக்குத் தேவை இல்லை. இல்லாத வேலைக்குத்தான் 800 ரூபாய்.

எனக்கு இன்னும் கோபம் வருவது இணையத்தில் இருக்கும் சில 'இலவச கன்வெர்ட்டர்' பக்கங்கள் மேல். பக்கத்தில் நாலு 'டவுன்லோட்' பட்டன் இருக்கும், மூன்று விளம்பரம். ஒன்றைத் தட்டினால் ஏதோ ஒரு ஏ.பி.கே. ஃபைல், அதாவது போனில் ஆப் ஏற்றும் ஃபைல், இறங்கும். அதை இன்ஸ்டால் செய்யவே செய்யாதீர்கள். சில இடங்களில் ஃபைலை மாற்றித் தருகிறோம் என்று கெடுத்தும் தருகிறார்கள். கூகுள் எர்த்துக்கான கே.எம்.எல். ஃபைலில் தீர்க்கரேகை முதலில் வரும், ஜி.பி.எக்ஸில் அட்சரேகை முதலில் வரும். அரைகுறையாக மாற்றும்போது இரண்டும் இடம் மாறிவிடும். மதுரை 9.9 வடக்கு, 78.1 கிழக்கு. அதைத் திருப்பிப் போட்டால் 78.1 வடக்கு, 9.9 கிழக்கு. ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே, கடலுக்குள் போய் விழும். மேப்பைத் திறந்ததும் வெறும் நீல நிறமாகத் தெரிந்தால் காரணம் அநேகமாக இதுதான். அந்த ஃபைலை விட்டுவிட்டுத் தோழியிடம் அசலை மறுபடி வாங்குங்கள். அவர் ஃபிட் (.fit) என்று முடியும் ஃபைலை அனுப்பியிருந்தால்தான் மாற்ற வேண்டியிருக்கும். அதற்கும் ஜி.பி.எஸ்.பேபல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, நம் கம்ப்யூட்டரிலேயே ஓடும். அதைவிடச் சுலபம், தோழியையே ஜி.பி.எக்ஸ். ஆக எடுத்துத் தரச் சொல்வது.

சரி, ஃபைல் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் அதை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். வந்த பிறகு வாட்ஸ்அப்புக்குள்ளேயே தட்டித் திறக்கப் பார்க்காமல், போனில் சேமித்துக்கொள்ளுங்கள். ஃபைல்ஸ் ஆப்பில் டவுன்லோட்ஸ் பகுதியில் பாருங்கள். சில ஆண்ட்ராய்டு போன்களில் ஜி.பி.எக்ஸுக்குப் பின்னால் எக்ஸ்.எம்.எல். (.xml) என்றோ பின் (.bin) என்றோ ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கும். 'ரீநேம்' கொடுத்து அந்த வாலை மட்டும் அழியுங்கள். உங்களுக்குத் திறக்காமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பிறகு ஃபைலை அழுத்திப் பிடித்து, 'ஷேர்' அல்லது 'ஓப்பன் வித்' கொடுத்து, வரும் பட்டியலில் செப் ஆப்பைத் தேர்ந்தெடுங்கள். பாதை வரைபடத்தில் தெரியும். பெயர் கொடுத்துச் சேமித்து, வாட்ச் புளூடூத்தில் இணைந்திருக்கும்போதே வாட்சுக்கு அனுப்பிவிடுங்கள். அப்புறம் வாட்சில் ஓட்டத்தைத் தொடங்குவதற்கு முன் அதன் செட்டிங்ஸில் நேவிகேஷன் பகுதிக்குப் போய்ப் பாதையைத் தேர்வு செய்ய வேண்டும். ஆப் அப்டேட் ஆகும்போது மெனுக்கள் இடம் மாறும், வேலை மாறாது.

செப் ஆப்பில் எங்கே தேடியும் பாதை ஏற்றும் இடமே இல்லையா? அப்படியென்றால் உங்கள் மாடலில் அந்த வசதி இல்லை. ஓடியதைப் பதிவு செய்வது வேறு, கொடுத்த கோட்டைப் பின்பற்றுவது வேறு. எல்லா வாட்சும் இரண்டையும் செய்யாது. விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. பெட்டியில் 'ஜி.பி.எஸ்.' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். உள்ளே 'கனெக்டட் ஜி.பி.எஸ்.' என்று பொடி எழுத்தில் இருக்கும். அப்படியென்றால் வாட்சுக்குள் ஜி.பி.எஸ்ஸே கிடையாது, போனில் இருப்பதைக் கடன் வாங்குகிறது. புது வாட்ச் வாங்கப் போகிறவர்கள் கடையில் இரண்டே கேள்வி கேளுங்கள். ஜி.பி.எஸ். வாட்சுக்குள்ளேயே இருக்கிறதா? ஜி.பி.எக்ஸ். பாதையை ஏற்றிப் பின்பற்ற முடியுமா? "எல்லாம் இருக்கு மேடம்" என்பது பதில் இல்லை. ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

ஏற்றும்போது ஒரே ஒரு கவனம். 'ரூட்' அல்லது 'கோர்ஸ்' என்ற பகுதியில்தான் ஏற்ற வேண்டும். 'ஆக்டிவிட்டி' என்று இருக்கும் இடத்தில் ஏற்றினால், தோழி ஓடிய 14 கிலோமீட்டரும் நீங்கள் ஓடியதாகக் கணக்கில் சேர்ந்துவிடும். ஓட்டத்தைப் பதிவு செய்து பகிரும் ஸ்ட்ராவா ஆப்பில் இது அடிக்கடி நடக்கிறது. நடந்துவிட்டால் உடனே அழித்துவிடுங்கள்.

இப்போது சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எல்லா ஜி.பி.எக்ஸ். ஃபைலும் ஒரே மாதிரி இல்லை. உள்ளே இருப்பது 'டிராக்' ஆக இருக்கலாம், 'ரூட்' ஆகவும் இருக்கலாம். டிராக் என்பது ஒருவர் உண்மையில் கால் வைத்த தடம், சில மீட்டருக்கு ஒரு புள்ளி இருக்கும். தோழி அனுப்பும் ஃபைல் இந்த வகை, அதில் பயம் இல்லை. ரூட் என்பது யாரோ உட்கார்ந்து திட்டமிட்டது. அதில் திருப்பத்துக்கு ஒரு புள்ளி மட்டும் இருக்கலாம். நரசிங்கத்தில் ஒரு புள்ளி, ஆனைமலைக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சில ஆப்கள் இந்த இரண்டையும் நேர்கோட்டில் சேர்க்கும். கோடு பாறை மேலே ஏறி இறங்கும். சில ஆப்கள் நடுவில் தாங்களே ஒரு ரோட்டைத் தேடிப் போடும், அது மேலூர் நாலுவழிச் சாலையாக இருக்கலாம். ஒரே ஃபைல்தான், தோழியின் போனில் ஒரு பாதை, உங்கள் வாட்சில் வேறு பாதை. வண்டியூர்க் கண்மாய்க்கு நடுவே கோடு போனால் பார்த்ததும் தவறு என்று தெரிந்துவிடும். ஊருக்குள் ரோடு மாறினால் தெரியாது, ஓடிப் போன பிறகுதான் தெரியும். ஆகவே யாரிடம் பாதை வாங்கினாலும், "இது நீங்கள் ஓடியதா, வரைந்ததா?" என்று கேளுங்கள். வரைந்தது என்றால், ஏற்றிய பிறகு வரைபடத்தைப் பெரிதாக்கி முழுக்க ஒருமுறை பாருங்கள். கோடு எங்கெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக ஓடுகிறதோ அங்கெல்லாம் சந்தேகப்படுங்கள். மொத்தத் தூரம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள், 14 கிலோமீட்டர் பாதை 11 என்று காட்டினால் மூலைகள் வெட்டப்பட்டிருக்கின்றன.

கூகுள் மேப்ஸ் விஷயத்துக்கு வருவோம். அந்த ஆப்பில் ஜி.பி.எக்ஸ். திறக்காது, தவறு உங்களுடையது அல்ல. இத்தனை வருடமாகப் புழக்கத்தில் இருக்கும் ஒரு வடிவத்தை உலகத்திலேயே அதிகம் பேர் வைத்திருக்கும் மேப் ஆப் இன்றுவரை நேராகத் திறக்கவில்லை என்பது நியாயமே இல்லை. சுற்றுவழி ஒன்று உண்டு. பிரவுசரில் கூகுள் மை மேப்ஸ் பக்கத்துக்குப் போய், புது மேப் ஒன்று தொடங்கி, இம்போர்ட் கொடுத்தால் ஜி.பி.எக்ஸை ஏற்றுக்கொள்ளும். பிறகு போனில் கூகுள் மேப்ஸில் நீங்கள் சேமித்தவை இருக்கும் பகுதியில் அந்தக் கோடு தெரியும். ஆனால் அந்தக் கோட்டின் வழியே "இடது பக்கம் திரும்புங்கள்" என்று சொல்லிக்கொண்டு வராது. 'டைரக்‌ஷன்ஸ்' தட்டினால் அது தன் வழியைத்தான் காட்டும், கண்மாய்க்கரையை விட்டுவிட்டு ரோட்டுக்கு இழுக்கும்.

ஓடுகிறவர்களுக்கு ஓஸ்மேண்ட் அல்லது ஆர்கானிக் மேப்ஸ் என்ற மேப் ஆப் போதும். இரண்டையும் இலவசமாகவே பயன்படுத்தலாம், இரண்டுமே ஜி.பி.எக்ஸைத் திறக்கும், தமிழ்நாட்டு வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஓஸ்மேண்டில் ஏற்றிய பாதையிலேயே குரல் வழிகாட்டலும் கேட்கும். அழகர்மலை அடிவாரத்தில் சிக்னல் போனாலும் கவலை இல்லை. ஜி.பி.எஸ்ஸுக்கு டேட்டா வேண்டாம், வானம் தெரிந்தால் போதும். 'லைஃப்டைம் மேப் பேக்' என்று கடையில் யாராவது விலை சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

போனையும் வாட்சையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இன்னொரு பயம் வரலாம். வாட்ச் 130 மீட்டர் உயரம் காட்டும், போனில் ஏதோ ஒரு ஆப் 40 என்று காட்டும். "சென்சார் போச்சு" என்று சர்வீசுக்குப் பணம் கேட்பவர்கள் உண்டு. சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. ஜி.பி.எஸ். முதலில் கணக்கிடுவது பூமியை வழவழப்பான ஒரு உருண்டையாக வைத்து எடுத்த உயரம். உண்மையான கடல்மட்டம் நம் பக்கத்தில் அந்த உருண்டையைவிட 90 மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. உலகத்திலேயே இது மிக ஆழமாக இருப்பது இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான். சில ஆப்கள் இதைச் சரிசெய்து காட்டும், சில அப்படியே விட்டுவிடும். பாதைக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை.

தோழி எந்த மாதத்தில் ஓடினார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மே மாதத்தில் இருந்த மாதிரி கண்மாய்க்கரை நவம்பரில் இருக்காது. மடை திறந்திருக்கும், கரை சேறாக இருக்கும், உள்வாயில் தண்ணீர் நிற்கும். வாட்ச் கோட்டை மட்டும்தான் காட்டும்.

நீங்கள் உங்கள் பாதையை மற்றவர்களுக்கு அனுப்பும் நாளும் வரும். ஓட்டக் குழுக்களில் யாருமே இதை யோசிப்பதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். ஃபைலின் முதல் புள்ளி உங்கள் வீட்டு வாசல். பக்கத்திலேயே நீங்கள் கிளம்பிய நேரம், நொடிக்கணக்காக. இருட்டோடு தனியாக ஓடும் ஒரு பெண்ணைப் பற்றி முகம் தெரியாத நூறு பேர் இருக்கும் குழுவுக்கு இதைவிட அதிகமாக என்ன தெரிவிக்க முடியும்? எல்லாரும் ஓடிய தடங்களைச் சேர்த்துக் காட்டும் ஸ்ட்ராவாவின் உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் உள்வழிகளே கோடுகளாகத் தெரிந்தது 2018 ஜனவரியில் பெரிய செய்தியானது. பயிற்சி பெற்ற சிப்பாய்களுக்கே அந்தக் கதி. ஸ்ட்ராவாவில் வீட்டருகே மறைக்கும் வசதியைப் போட்டிருந்தாலும், நீங்களே எக்ஸ்போர்ட் செய்யும் ஃபைலில் வாசல் இருக்கும். ஓஸ்மேண்டில் 'பிளான் எ ரூட்' பகுதியில் அந்தப் பாதையைத் திறந்து, வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு புள்ளியைத் தொட்டு, அதற்கு முந்தையதை வெட்டிவிடுங்கள். திரும்பி வரும் கடைசி அரை கிலோமீட்டரையும் அதேபோல் வெட்டிவிட்டு, வேறு பெயரில் சேமித்து, அந்த ஃபைலை மட்டும் குழுவில் போடுங்கள்.