போர் நடக்கும்போது அரசு வரியைக் குறைக்கலாமா?

குறைக்கக் கூடாது என்பதே என் கருத்து. ஆயினும் எந்த வரி, யாருடைய வரி என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

வரியைக் குறைத்தால் வணிகம் பெருகி அரசின் வருமானமும் கூடும் என்போர் உண்டு. ஆனால் 2003 மார்ச்சில் ஈராக் மீது படையெடுத்த அமெரிக்கா, அதே ஆண்டு மே மாதத்தில் வருமான வரியின் உச்ச வீதத்தை 38.6 சதவீதத்திலிருந்து 35 ஆகக் குறைத்துவிட்டு, போர்ச் செலவைக் கடனில் ஏற்றியது. இரண்டாம் உலகப் போரின்போது அதே நாடு அந்த வீதத்தை 94 சதவீதம் வரை உயர்த்தியிருந்தது. வரி கூடினால் போரின் சூடு வசதி படைத்தவர் கையிலும் படும். கடன் வாங்கினாலோ, போருக்குக் கைதட்டியவர் ஒரு சதமும் கொடாமல் தப்பிவிட, வட்டியையும் விலைவாசியையும் பின்னால் வேறு யாரோ சுமப்பார். போரே இல்லாத 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை (VAT) 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்த எங்கள் நாடான இலங்கை, வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்ததையும் மறப்பதற்கில்லை.

ஆனால் இலங்கை அரசு போருக்கென்று அறவிட்ட வரி வேறு விதமானது. தொண்ணூறுகளில் இருந்த தேசிய பாதுகாப்பு வரி, வருமானத்தின் மீதன்றிப் பொருட்களின் மீது விழுந்தது. மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் அப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை இருந்தது. மொத்த வியாபாரியின் பற்றுச்சீட்டில் அந்த வரிக்கென்று தனியாக எதுவும் எழுதப்பட்டிருக்காது. அது சவுக்காரத்தின் விலைக்குள்ளேயே கரைந்திருக்கும். வாவிக்கு அப்பால் உள்ள மண்டூரிலிருந்து, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறிக் குருமண்வெளித் துறைக்கு வந்து, அங்கிருந்து நடந்து கடைக்கு வரும் ஒரு பெரியம்மா, "போன கிழமை வேற விலைதானே சொன்னீங்க, தம்பி?" என்று கேட்டபடி, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை இரண்டு தரம் எண்ணுவார். அப்பாவிடம் பதில் இருக்காது; முழுக் கட்டியைக் கத்தியால் பாதியாக வெட்டிக் கடதாசியில் சுற்றிக் கொடுப்பார். ஷெல் விழும் ஊரில் இருந்துகொண்டு, அந்த ஷெல்லுக்கும் அந்தப் பெரியம்மாவே காசு கொடுத்துக்கொண்டிருந்தார். போதாததற்கு, வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் போன சாமான்களுக்கு மறு தரப்பான விடுதலைப் புலிகள் இயக்கமும் தன் பங்கை வாங்கியது.

போர் நிறுத்தம் வந்த 2002 இல், ஆகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து, அந்தப் பாதுகாப்பு வரியும் பொருட்கள் சேவைகள் வரியும் நீங்கிப் பெறுமதி சேர் வரி வந்தது. பெயர் போனது, சவுக்காரத்தின் மீதான வரி போகவில்லை. 2009 இல், போரின் கடைசி மாதங்களில் வந்த தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியோ பத்தாண்டுக்கு மேல் நீடித்தது.

ஆகவே போர்க்காலத்தில் குறைக்கத்தான் வேண்டுமென்றால் மண்ணெண்ணெய், பால்மா, சவுக்காரம் போன்றவற்றின் மீதான வரியைக் குறைக்கட்டும், அதிலும் போர் நடக்கும் மாவட்டங்களில் முதலில். பெரிய வருமானத்துக்கும் கம்பனி இலாபத்துக்கும் உரிய வரியைப் போர் முடியும்வரை தொடக் கூடாது. போதாவிட்டால் அதைத்தான் கூட்ட வேண்டும்.